சோதனைச்சாலைக் கழிவும் நீராவிக் கலமும்

2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், திருநெல்வேலி ஜில்லாவில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் முதலிய கிராமங்களின் புறத்தே, கேரளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆஸ்பத்திரிக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்ததைக் கண்டு ஜனங்கள் கொதித்தெழுந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டுக் கட்டளை பிறப்பித்த பிறகு, கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அவற்றை வாரிக்கொண்டு போயினர். அவ்வளவில் அந்த விவகாரம் ஒருவாறு அடங்கிற்று. நாம் இங்கு அதனை நினைவூட்டுவது பழைய சண்டையைக் கிளப்புவதற்காக அன்று. அன்று எழுந்த பேச்சு பெரும்பாலும் லாரியைப் பற்றியும் எல்லைச் சாவடியைப் பற்றியுமே இருந்தது. கழிவு எந்த அறையில் பிறந்தது, அந்த அறையை விட்டு வெளியேறுமுன் அதற்குச் செய்திருக்க வேண்டிய சம்ஸ்காரம் யாது என்னும் கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. அக்கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்ளுகிறோம். அதிலும், யாவற்றினும் அபாயகரமான ஒரு வகையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம்.

ஆஸ்பத்திரிக் கழிவு என்று ஒரே பெயரால் வழங்கினாலும் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ரணத்தைத் துடைத்த பஞ்சிலும் கிருமி உண்டு. ஆனால் அப்பஞ்சில் அது தானாக வந்து ஒட்டியது. உலர உலர நாளடைவில் குறைவதும் உண்டு. கிருமிச் சோதனைச்சாலையிலோ விஷயம் நேர்மாறு. அங்கே நோயாளியின் சளியிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ ஒரு துளி எடுத்து, அதற்குப் பிரியமான உணவையும் உஷ்ணத்தையும் கொடுத்து, இரவு பகலாகப் போஷித்து, சிலவாயிருந்ததைக் கோடிக்கணக்கில் பெருக்குகிறார்கள். நோயை இன்னதென்று கண்டறிய வேறு வழியில்லாமையால் செய்யும் காரியம் அது, குற்றமன்று. ஆயினும் காரியம் முடிந்தவுடன் அந்தத் தட்டும் குழாயும் வெறுங்குப்பை ஆகிவிடுவதில்லை. நோயாளியின் உடலில் இருந்ததைக்காட்டிலும் செறிவான விஷம் அப்பொழுதுதான் அந்தக் கூடையில் இருக்கிறது.

இதனை உணர்ந்தே, 2016-ம் வருஷம் மார்ச் மாதத்தில் மத்திய சர்க்கார் வெளியிட்ட உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சோதனைச்சாலைக் கழிவுகளைத் தனியே பிரித்துப் பேசுகின்றன. கிருமி வளர்த்த தட்டுகள், ரத்த மாதிரிகள், ரத்தப் பைகள் ஆகியவற்றை அவை தோன்றிய இடத்திலேயே, உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறைப்படி கிருமி நீக்கம் செய்த பின்னரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமல்ல, தெருமுனையிலுள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும், கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒரு சாதாரண ஆக்ஷேபணையைக் கேட்கிறோம். எப்படியும் மஞ்சள் பையில் போய் உலையில் எரியப்போவதை, இங்கே ஒருமுறை வேகவைப்பானேன், இது வீண் செலவன்றோ என்கிறார்கள். பார்வைக்கு நியாயம்போல் தோன்றும் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. சோதனைச்சாலையின் கதவுக்கும் உலையின் வாய்க்கும் இடையே வெற்றிடம் இல்லை. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். பையைத் தூக்கிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகும் கடைநிலைச் சிப்பந்தி, கிடங்கைப் பூட்டும் காவற்காரர், லாரியில் ஏற்றி இறக்கும் கூலியாள் ஆகியோர் இருக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ 75 கிலோமீட்டர் வரையிலும் அப்பால் இருக்கலாம். 48 மணி நேரம்வரை மூட்டை கிடங்கிலேயே தங்கவும் இடமுண்டு. அவ்வளவு தூரத்திலும், அவ்வளவு நேரத்திலும், ஒரு பை கிழிந்தால் கிழிந்ததுதான். லாரி வழிதவறி ஒரு கிராமத்தின் குளக்கரையை நாடினாலும், உள்ளிருப்பது செத்த கிருமியாயிருந்தால் அது அசுத்தம் என்ற அளவோடு நிற்கும். உயிருள்ள கிருமியாயிருந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதற்கு ஏற்பட்ட கருவிதான் ஆட்டோகிளேவ் என்று வழங்கும் நீராவிக் கலம். 1679-ல் டெனிஸ் பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை மிருதுவாக்குவதற்கென்று லண்டனில் செய்து காட்டிய மூடிய பாத்திரமே இதற்கும், நமது வீட்டுப் பெண்மணிகள் பருப்பு வேகவைக்கும் பிரஷர் குக்கருக்கும் பொதுவான மூதாதை. இருநூறு வருஷங்களுக்குப் பின், பாஸ்டரின் சகாவான ஷார்ல் ஷாம்பர்லான் அதனைக் கிருமி நாசத்துக்கு உரியதாக அமைத்தார். தத்துவம் எளியது. நீராவியை அடைத்து வைத்து, சதுர அங்குலத்துக்கு 15 ராத்தல் மேலழுத்தம் உண்டாக்கினால் அதன் உஷ்ணம் 121 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறுகிறது. குளிர்ந்த பொருளைத் தொட்டதும் ஆவி நீராக மாறி, தன்னுள் மறைந்திருந்த வெப்பம் முழுவதையும் அப்பொருளுக்குக் கொடுத்துவிடுகிறது. வெறும் உலர்ந்த அனற்காற்றினால் இதே பலனைப் பெற 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும். ஈரமான வெப்பத்தின் வல்லமை அத்தகையது.

ஆனால் இந்த வல்லமை அனைத்தும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டது. ஆவி பொருளைத் தொடவேண்டும். அதற்கு முதற்பகை காற்று. கலத்தினுள் இருந்த காற்று முழுதும் வெளியேறினால்தான் 15 ராத்தலில் 121 டிகிரி கிடைக்கும். பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட்டால், முகப்பிலுள்ள அழுத்தமானி அதே 15 ராத்தலைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே உஷ்ணம் 112 டிகிரி அளவிலேயே நிற்கும். காற்று சிறிதும் போகவில்லையாயின் 100 டிகிரிதான். கலத்துக்கு நேர்வது பைக்கும் நேரும். வாயை இறுக முடிந்த பிளாஸ்டிக் பையை உள்ளே வைப்பவர், ஆவி புகாதபடி காற்றையும் சேர்த்துக் கட்டி வைக்கிறார். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. கருவியின் முள் சரியாயிருந்தது. பதிவேட்டில் கையொப்பமும் விழுந்தது. பையின் நடுவிலுள்ள தட்டில் கிருமிகளோ வளர்ப்புப் பெட்டியில் இருந்ததுபோலவே சௌக்கியமாயிருக்கக் கூடும். ஆகவே கலத்தின் வெற்றி தோல்வி கதவை மூடிய பின்னர் நிர்ணயிக்கப்படுவதன்று. மூடுவதற்கு முன்னரே பெரும்பகுதி நிர்ணயமாகிவிடுகிறது. விலையுயர்ந்த கலத்தை வாங்கிவைத்துவிட்டு, பையைக் கட்டுவது எப்படி என்று சிப்பந்திக்குச் சொல்லிக்கொடாதிருப்பது, வண்டியை வாங்கிவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்ட கதைதான்.

பையைச் சித்தம் செய்யும் முறையைச் சற்று விரித்தே சொல்லுகிறோம். அற்ப விஷயமென்று வாசகர்கள் எண்ணலாகாது. முதலாவது, பை இந்தக் காரியத்துக்கென்றே செய்யப்பட்டதாயிருக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் பை உஷ்ணத்தைத் தாங்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணப் பாலித்தீன் பை இளகி ஒட்டிக்கொள்ளும், உருகிய அகார்ப் பாகு வழிந்து கலத்தின் வடிகாலை அடைத்துக்கொள்ளும். வடிகால் அடைபட்டால் காற்று வெளியேறும் வழியும் அடைபட்டதென்று அறிக. நல்ல பையையும் வாய்வரை திணிக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியவுடன் நிறுத்திவிட வேண்டும். வாயைக் கட்டும்போது ஆவி நுழைய இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டுத் தளர்த்திக் கட்டவேண்டும். தட்டுகள் போன்ற உலர்ந்த பொருளாயிருந்தால், உள்ளேயே ஆவி பிறக்கும்பொருட்டுச் சிறிது நீரையும் வார்ப்பது உசிதம். பையைத் தனியே வைக்காமல், கசிவதைத் தாங்கும் ஆழமான தட்டத்தில் வைக்கவேண்டும். அத்தட்டம் உலோகமாயிருப்பின் வெப்பம் விரைவில் உட்செல்லும். பிளாஸ்டிக் தட்டம் வெப்பத்தைத் தடுத்து நேரத்தை வளர்க்கும். பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கலத்தை நெரித்தலும் கூடாது. ஆவி உலாவ வழி விடவேண்டும்.

ஊசி, கத்தி, உடைந்த கண்ணாடி இவை ஒருபோதும் பைக்குள் போகலாகாது. ஊசிக்கும் கத்திக்கும் துளைபடாத வெள்ளைப் பெட்டி விதியிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. பையைத் தூக்குபவரின் தொடையில் ஓர் ஊசி குத்தினால், கலமும் விதியும் அதன்பின் அவருக்கு எந்த உபகாரமும் செய்யா. திரவம் உள்ள புட்டிகளையும் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பாமல், மூடியைத் தளர்த்தி வைக்கவேண்டும். இறுக மூடிய புட்டி உள்ளே வெடிக்கும். வெளியே எடுத்த பிறகும், மேலே அமைதியாகத் தோன்றும் திரவம் அசைத்த மாத்திரத்தில் பொங்கிச் சீறி முகத்தை வேகவைத்துவிடுவதுண்டு. அழுத்தம் முற்றும் இறங்கி, ஆறும் வரையில் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

கலத்தில் வைக்கவே கூடாத பொருள்களும் உண்டு. ஜாக்கிரதைக்காக என்று எண்ணி, கழிவின்மேல் பிளீச்சிங் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, அதனையும் கலத்தில் தள்ளுவோர் இருக்கிறார்கள். இரண்டு நன்மை சேர்ந்தால் பெரிய நன்மை என்பது அவர்கள் எண்ணம் போலும்! குளோரின் சேர்ந்த திரவம் உஷ்ணத்தில் விஷ வாயுவை எழுப்பும். கலத்தின் எஃகையும் அரித்துவிடும். ஈதர், ஆல்கஹால், குளோரோபாரம் முதலிய எளிதில் ஆவியாகும் பொருள்கள், பார்மலின், புற்றுநோய்க்குக் கொடுக்கும் உயிரணு நாசினி மருந்துகள், கதிரியக்கப் பொருள்கள் இவற்றுக்கெல்லாம் நீராவி மருந்தாகாது; அவற்றைப் பரப்பவே செய்யும். ஆதலால் பிரிக்கும் வேலை கலத்தண்டை நிற்பவரின் வேலையன்று. கழிவை உண்டாக்கியவர், உண்டாக்கிய மேஜையிலேயே, அந்த நிமிஷத்திலேயே பிரிக்கவேண்டும். கூடையில் கலந்து கிடப்பதைக் கையைவிட்டுப் பிரிக்கச் சொல்வது மனிதத்தன்மை ஆகாது.

இவ்வளவும் செய்தபின், உள்ளிருந்தவை மாண்டன என்பதற்கு அத்தாட்சி என்ன? பையின்மேல் ஒட்டும் கோடு போட்ட பட்டையைக் காட்டுகிறார்கள்; உஷ்ணம் பட்டதும் அதில் கறுப்புக் கோடுகள் தோன்றுகின்றன. அப்பட்டை சொல்லுவது, இந்தப் பை உஷ்ணத்தில் இருந்தது என்பது மட்டுமே. பையின் நடு நெஞ்சில் என்ன நடந்தது என்பதை மேலே ஒட்டிய பட்டை எப்படி அறியும்? உண்மையான சாக்ஷி ஒரு கிருமியே. ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற நீண்ட பெயருடைய அது, மனிதருக்குத் தீங்கு செய்யாதது. ஆனால் வெப்பத்தைத் தாங்குவதில் அபார வல்லமை படைத்தது. அதன் விதையணுக்கள் பத்து லட்சம் கொண்ட சிறு குப்பியைச் சுமையின் நடுவே புதைத்துவைத்து, வெந்த பிறகு எடுத்து வளர்த்துப் பார்ப்பது முறை. அது வளரவில்லையானால் வேறெதுவும் பிழைத்திராது. 2016-ம் வருஷத்து விதிகளும் இந்தச் சோதனையையே கேட்கின்றன. ஈர்ப்பு முறையில் இயங்கும் கலத்துக்கு 121 டிகிரியில் 60 நிமிஷம் என்றும், காற்றை உறிஞ்சி எடுக்கும் கலத்துக்கு 45 நிமிஷம் என்றும் குறைந்தபக்ஷக் கணக்கையும் கொடுத்திருக்கின்றன. அறுவைக் கருவிகளுக்குப் போதிய 15, 20 நிமிஷத்தையே கழிவுக்கும் கொடுத்துவிட்டுத் திருப்தியடைவோர் இதனைக் கவனிப்பார்களாக. சுத்தமான கத்தரிக்கோலும், அகாரும் சளியும் செறிந்த மூட்டையும் ஆவிக்கு ஒன்றல்ல.

மாண்டதென்று நம்பியது மாளாதிருந்தால் வரும் விபரீதத்துக்கு அந்நிய தேசங்களில் உதாரணங்கள் உள்ளன. 2004-ல் பீஜிங் நகரில் சார்ஸ் ஆராய்ச்சிசாலையொன்றில், செயலிழக்கச் செய்யப்பட்டதென்று நம்பிய வைரஸைக் காவல் குறைந்த அறையில் கையாண்டதிலிருந்து நோய் வெளியேறியது. ஒன்பது பேருக்குத் தொற்றி, ஒருவர் உயிரிழந்தார். 2007-ல் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில், கோமாரி வைரஸ் கலந்த கழிவுநீர் கடைசிச் சுத்திகரிப்பை அடையுமுன் பழுதான குழாய்களிலிருந்து மண்ணில் கசிந்திருக்க வேண்டும் என்று விசாரணையாளர் கருதினர். அருகிலுள்ள பண்ணைகளில் மாடுகள் நோயுற்றன. 2019-ல் சீனாவின் லாஞ்சோவில் கால்நடைகளுக்கான புரூசெல்லா தடுப்பூசி செய்த தொழிற்சாலை, காலம் கடந்த கிருமிநாசினியை உபயோகித்தது. கழிவுவாயு முற்றும் சுத்தமாகாமல் காற்றோடு கலந்து சென்றது. அடுத்த வருஷம் செப்டம்பருக்குள் 3,245 பேருக்குத் தொற்று ஊர்ஜிதமாயிற்று. இம்மூன்று இடங்களிலும் கல்வியறிவுக்கோ கருவிகளுக்கோ பஞ்சமில்லை. ஒரு கட்டம் சரியாக நடந்துவிட்டது என்று சோதியாமலே நம்பியதுதான் குறை.

நமது தேசத்தில் இத்தகைய சம்பவம் வெளிச்சத்துக்கு வராதிருப்பது நமது முறைகள் சிறந்தவை என்பதற்கு அத்தாட்சியாகுமா? தடித்த ஏடுகளில் எழுதப்படாத காய்ச்சல்கள் எத்தனையோ! துப்புரவுச் சிப்பந்தி ஒருவர் பத்து நாள் காய்ச்சலில் படுத்தால், அவர் தூக்கிய பையை யார் விசாரிக்கப்போகிறார்கள்? கழிவைக் கையாளும் சிப்பந்திகள் யாவருக்கும் மஞ்சட்காமாலை பி, ரணஜன்னி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போடவேண்டும், வேலையில் சேரும்போதும் அதன்பின் வருஷந்தோறும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று அதே விதிகள் விதிக்கின்றன. ஆனால் இந்த வேலை பல இடங்களில் ஒப்பந்தக்காரரிடம் விடப்படுகிறது. இன்று வந்தவர் நாளை வருவதில்லை. பயிற்சி யாருக்கு, எப்பொழுது? சம்பளத்தில் கடைசியாகவும் அபாயத்தில் முதலாகவும் ஒரே மனிதரை நிறுத்தும் ஏற்பாடு சுயராஜ்யத்துக்கு உகந்ததென்று நாம் எண்ணவில்லை.

செலவுக்குப் பணமில்லை என்பார்க்கு ஒன்று கூறுவோம். காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் பழைய சோதனைக்கூடக் கைந்நூல்கள், கலம் இல்லாத சிறு நிலையங்களில், உபயோகித்த சளிக் கிண்ணங்களைக் கிருமிநாசினியில் இரவு முழுதும் ஊறவைத்து, அதன்பின் பிரஷர் குக்கரில் நீரில் அமிழ்த்திக் குறைந்தது 20 நிமிஷம் கொதிக்கவைக்கவும் இடம் கொடுத்திருந்தன. ஏழைத் தேசத்துக்கு ஏற்ற புத்தி அது. பெரிய நகரத்தில் சலவைக்கல் பதித்த கூடத்தில் நிற்கும் கலத்தில் காட்டப்படாத ஜாக்கிரதையை, ஒரு சிற்றூர் நிலையத்தின் சிப்பந்தி ஏழு லிட்டர்ப் பாத்திரத்தில் காட்டியிருக்கக் கூடும். ஆகையால் குறை பணத்தில் மட்டும் இல்லை. தளர்த்திக் கட்டுவதற்கு ஒரு காசும் செலவில்லை. இறுக்கிக் கட்டுவதற்கு வேண்டிய கயிறே அதற்கும் போதும்.

நாம் வேண்டுவது புதிய சட்டமன்று. சோதனைச்சாலையின் தலைவராயிருக்கும் டாக்டரோ பேராசிரியரோ, மாதத்தில் ஒரு நாளாவது தாமே அங்கியும் கையுறையும் அணிந்து, பையைக் கட்டி, தட்டத்தில் வைத்து, விதையணுக் குப்பியைச் சுமையின் நடுவில் தம் கையாலேயே புதைத்துப் பார்க்கட்டும். அதன் முடிவைக் கலத்தின் அருகே எல்லோரும் காணும்படி எழுதித் தொங்கவிடட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரிகள் தணிக்கைக்கு வரும்போது பதிவேட்டின் கையொப்பங்களோடு திரும்பிவிடாமல், அன்று வேக இருக்கும் மூட்டையைக் காட்டச் சொல்லி அதன் முடிச்சைப் பார்க்கட்டும். பக்கத்தில் நிற்கும் சிப்பந்தியை அழைத்து, இதை ஏன் இப்படிக் கட்டியிருக்கிறாய் என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலை அறிக்கையில் அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு போகட்டும்.